கை வழி ரத்தம், கால் வழி ரத்தம்: வலது மேலறைக்குள் ஒரு பழைய மடை

எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் "வலது மேலறையில் அசையும் இழை ஒன்று தெரிகிறது" என்று ஒரு வரி வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ரத்தக்கட்டியா, புற்றா, கிருமித் தொற்றா என்று பயம் கிளம்பிவிடும். பல நேரம் அது இதில் எதுவுமில்லை. கருவில் வேலை பார்த்த ஒரு மடிப்பின் மிச்சம், அவ்வளவுதான்.

கருவில் நுரையீரலுக்கு மூச்சு வேலை கிடையாது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் பிராணவாயு நிறைந்த ரத்தம், உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்குள் நுழையும். அந்த வாயிலில் நிற்கும் மடிப்பான யூஸ்டேச்சியன் வால்வு, வயலில் மடை திருப்புவது போல, ரத்தத்தை இரு மேலறைகளுக்கும் இடையிலான நடுச்சுவரில் உள்ள ஃபோரமென் ஓவேல் துளைப் பக்கம் தள்ளிவிடும். பிறந்தபின் அதற்கு வேலை இல்லை. வால்வு என்று பெயர்தான். பெரியவர்களிடம் அது எதையும் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. சிலருக்குத் தடமே இருக்காது, சிலருக்கு மெல்லிய பிறை, சிலருக்கு ஒரு சென்டிமீட்டரையும் தாண்டி நீண்டு தொங்கும். கரைய வேண்டியது அரைகுறையாகக் கரைந்து சல்லடையாக நின்றால் அது கியாரி வலை. ஹான்ஸ் கியாரி 1897இல் விவரித்தது. ஏறக்குறைய நூற்றில் இரண்டு பேருக்கு உண்டு.

இந்த மிச்சத்தை ரத்தக்கட்டியிலிருந்து பிரித்தறிய, ஆடுகிற நுனியைப் பார்த்துப் பயனில்லை. வேர் எங்கே என்று தேட வேண்டும். மடிப்பின் வேர் கீழ்ப் பெருஞ்சிரை வாயின் முன் விளிம்பில் இருக்கும். கியாரி வலையின் இழைகள் அங்கிருந்து கிளம்பி மேலறையின் சுவரையோ நடுச்சுவரையோ பிடித்திருக்கும். கால் சிரையிலிருந்து கிளம்பி வந்த ரத்தக்கட்டிக்குப் பெரும்பாலும் வேர் இராது. புழு மாதிரி நெளிந்து, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வுக்குள் போய்ப் போய் வரும். தொற்றுத் திரள் பெரும்பாலும் வால்வு இதழில் ஒட்டியிருக்கும், காய்ச்சலும் கூடவே வரும். கை, தலைப் பக்க ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரைப் பக்கம் உருண்டையாகத் தெரிவது பல சமயம் கிறிஸ்டா டெர்மினாலிஸ் என்னும் தசை வரம்பு. எக்கோ கருவியின் முனையான புரோபைத் திருப்பினால் உருண்டை நீண்ட வரப்பாகிவிடும்.

உண்மையான சிக்கல், ஃபோரமென் ஓவேல் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கும் குமிழிச் சோதனையில்தான். ஃபோரமென் ஓவேல் முழுதாக மூடாமல் இருப்பது அபூர்வமில்லை: மேயோ கிளினிக்கில் 965 இதயங்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கணக்கில் 27.3 விழுக்காடு, துளையின் சராசரி விட்டம் 4.9 மி.மீ. கியாரி வலை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் துளையும் திறந்தே இருக்கும். காரணம் புரியாத பக்கவாதத்தில் இந்தத் துளையைக் குமிழி ஏற்றித் தேடுவார்கள். இரண்டு 10 மி.லி. சிரிஞ்ச், இரண்டையும் இணைக்கும் ஒரு த்ரீ-வே குழாய்த் திருகு, 9 மி.லி. சலைன், 1 மி.லி. காற்று. நுரைக்கும்வரை இங்கும் அங்கும் வேகமாகத் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் காற்றை வெளியேற்றிவிட்டு, முழங்கை மடிப்புச் சிரையில் சட்டென்று ஏற்றுவார்கள். நோயாளி மூச்சைப் பிடித்து முக்கி, வலது மேலறை குமிழியால் நிறைந்ததும் விட வேண்டும். விட்ட கணத்தில்தான் வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்தைத் தாண்டும். மூன்று துடிப்புக்குள் இடது மேலறையில் குமிழி தெரிந்தால் வழி நடுச்சுவரில். ஐந்து துடிப்புக்கு மேல் என்றால் நுரையீரலைச் சந்தேகிக்கலாம்.

மடிப்பு பெரிதாக இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். கையில் ஏற்றிய குமிழி மேற்பெருஞ்சிரை வழியே இறங்கி மூவிதழ் வால்வுப் பக்கம் போய்விடும். நடுச்சுவரைத் தொடுவதோ கீழிருந்து மடிப்பு திருப்பிவிட்ட, குமிழியில்லாத ரத்தம். துளை இருந்தும் "இல்லை" என்று அறிக்கை வரும். நடுச்சுவரின் ஓரத்தில் குமிழியே படாத கறுப்புப் பட்டை தெரிந்தால் அந்தச் சோதனையை நம்பக் கூடாது. தொடைச் சிரை வழியாக ஏற்றிப் பார்ப்பதே சரி. மயக்க மருந்து கொடுத்துத் தொண்டை வழி எக்கோ எடுக்கும்போது நோயாளி சரியாக முக்காமல் போவதும் இதே பிழையைத் தரும்.

மேலறைகளின் நடுச்சுவரில் உள்ள பிறவி ஓட்டையை அடைக்கும் அறுவையில் இதே மடிப்பு வேறொரு விதத்தில் ஏமாற்றும். ஓட்டையின் கீழ் விளிம்பு என்று நினைத்து அதில் தையல் போட்டுவிட்டால், கீழ்ப் பெருஞ்சிரை இடது மேலறைக்குள் திறந்துகொள்ளும். ஓட்டை அடைபட்டிருக்கும், நோயாளி நீலம் பாரிப்பார். அப்போது கையில் குமிழி ஏற்றினால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். காலில் ஏற்றினால் இடது மேலறை முதலில் குமிழியால் வெளுக்கும்.