கத்திரி வெயிலும் ஹென்லே வளைவும்

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காலையிலேயே சட்டை நனைந்துவிடுகிறது; மதியம் கழியும் சிறுநீரோ கொஞ்சமாகவும் அடர்மஞ்சளாகவும் இருக்கிறது. அந்த மஞ்சளுக்குப் பின்னால் நடப்பதை, 'சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுகிறது' என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் உள்ள குளோமருலஸ் என்னும் தந்துகி முடிச்சில் இரத்தம் வடிகட்டப்படுகிறது. இப்படி நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர்; சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றிரண்டு லிட்டர்தான். மீதி முழுவதையும் இரத்தத்துக்கே மீட்டுத் தருபவை நெஃப்ரானின் நுண்குழல்கள்.

முதலில் வரும் அண்மைச் சுருள் குழலின் செல்கள், உட்புறம் முழுவதும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகளையும், உள்ளே நெருக்கமாக மைட்டோகாண்ட்ரியாக்களையும் கொண்டவை. நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கையும், ஆரோக்கியமான உடலில் குளுக்கோஸ் அனைத்தையும் இவையே மீட்கின்றன. இன்று நம் வீடுகளில் பலர் சர்க்கரைக்காக விழுங்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை, இந்த மீட்பைத் தடுத்துத்தான் சர்க்கரையைச் சிறுநீரில் கழியவிடுகிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது அடுத்து வரும் ஹென்லே வளைவு. 1862இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹென்லே விவரித்த இந்தக் கொண்டையூசி வளைவில், இறங்கும் கிளை நீரை வெளியே விடும். ஏறும் கிளை நீரை விடாது, ஆனால் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த முரண்பாட்டால், யூரியாவும் துணைசேர, சிறுநீரகத்தின் உட்பகுதித் திசு இரத்தத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவை அடைகிறது. இறுதியில் சேகரிப்புக் குழல் அந்தச் செறிந்த பகுதியின் ஊடாகவே இறங்குகிறது. வியர்வையில் நீர் குறைந்ததை மூளை உணர்ந்ததும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அதன் கட்டளையால் சேகரிப்புக் குழலின் செல் சவ்வில் அக்வாபோரின் என்னும் நீர்வழிகள் வந்து பதிகின்றன. நீர் தானாகவே உப்பு மிகுந்த திசுவுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்துக்குத் திரும்புகிறது.

ஆனால் அந்த நான்கு மடங்குக்கு மேல் மனிதச் சிறுநீர் செறிவதில்லை. எவ்வளவு தாகம் எடுத்தாலும், கழிவைக் கரைத்து அனுப்ப நாளுக்கு அரை லிட்டராவது செலவாகியே தீரும். மெரினாவில் கண்ணெதிரே அத்தனை நீர் கிடந்தும் குடிக்க முடியாததற்கும் இதுவே காரணம்: கடல்நீரின் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவிட வேண்டியிருக்கும்.