கல்சியம் கடைசியில்

கொழும்பில் எங்களோடு உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு ஆய்வுகூடத்தின் பின் அலுமாரி நினைவிருக்கும். காலி வீதிக்கு அப்பாலிருந்து வரும் கடல்காற்று படும் அந்த மூலையில்தான் கல்சியம் குளோரைட்டுப் போத்தல் இருந்தது. "கல்சியம் கடைசி" என்று எழுதி சேர் அதில் ஒட்டியிருந்தார். மூடி சற்றுத் தளர்ந்தால் போதும், உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடும். பிறகு தராசில் நிற்பதில் ஒரு பங்கு தண்ணீர்தான். ஆய்வில் தவளை இதயத்தைத் துடிக்கவைக்கும் உப்புக் கரைசலான ரிங்கர் கரைசலில் கல்சியம் குறைந்துவிடும். தவளை இதயம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: துடிப்பு மெலிந்து, தளர்ந்த நிலையிலேயே நின்றுபோகும்.

ரிங்கர் கரைசல் ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 6.5 கிராம், பொட்டாசியம் குளோரைட்டு 0.14, நீரற்ற கல்சியம் குளோரைட்டு 0.12, சோடியம் இருகாபனேற்று 0.2. கல்சியத்தைத் தனியே கரைத்து, மற்றவை நன்றாக ஐதான பின், கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் காபனேற்று வீழ்படிந்து கலங்கிவிடும். அதைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவதே நல்லது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் கல்சியத்தின் தேவையைக் கண்டதும் ஆய்வுகூடத் தவறொன்றால்தான்: காய்ச்சிவடித்த நீருக்குப் பதிலாக, கல்சியம் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைசல் செய்யப்பட்டிருந்தது.

மனித இதயவறைத் (இதயத்தின் கீழறை) தசைக்கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால், ஓய்வில் ஏறத்தாழ −85 மில்லிவோல்ற்று. கலமென்சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் சோடியக் கால்வாய்கள் திறந்ததும் ஓரிரு மில்லிசெக்கனில் நேர்ப்பக்கம் தாவும். நரம்பென்றால் அத்தோடு இறங்கிவிடும். இதயத்தில், உள்ளே வரும் கல்சியமும் வெளியேறும் பொட்டாசியமும் ஒன்றையொன்று ஈடுகட்ட, 200 மில்லிசெக்கனளவு அது இறங்காமல் ஒரு மேடுபோல நீள்கிறது. அதற்குள் இன்னொரு தூண்டல் எடுபடாது. ஆகவேதான் இதயம் கைத்தசைபோல இறுகிப் பிடித்துக்கொள்வதில்லை. வகுப்பில் போதியளவு சொல்லப்படாத ஒன்று: தவளைக் கலம் சுருங்கத் தேவையான கல்சியத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்தே வருகிறது. நம்முடையதிலோ, வெளியிலிருந்து வரும் சிறுபங்கு உள்ளே சேமித்த பெரும்பங்கைத் திறந்துவிடுகிறது.

1 வீதப் பொட்டாசியம் குளோரைட்டில் சில சொட்டு விட்டால் இதயம் விரிந்தபடி நிற்கும். வெளியே பொட்டாசியம் கூடினால் கலத்தின் ஓய்வு மின்னழுத்தம் பூச்சியத்தை நோக்கி ஏறும். சோடியக் கால்வாய்கள் அடைபட்டபடியே கிடக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் இதே ஆபத்துத்தான். இதய மின்பதிவான ஈ.சி.ஜி.யில், இதயவறை மீள்வதைக் காட்டும் ரி அலை கூராகும், அது தூண்டப்படுவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். பகுதி அகலும். அப்போது நாளத்தில் ஏற்றும் கல்சியம் குளுக்கோனேற்று பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. சிறிது நேரம் கலத்தைக் காக்கிறது. பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோசும் வேண்டும்.

தவளை இதயத்துக்குப் புதுக் கரைசல் போதும். இரண்டு மூன்று தரம் கழுவினால், துடிப்பு பிறக்கும் பின்பக்கப் பை முதலில் அசையும், பிறகு சோணையறைகள் (மேலறைகள்), கடைசியாக இதயவறை.