கமரா போச்சு, இனி எந்த மீடியம் ஃபோர்மற்?

என்ர 6×6 கமரா, சாதாரண 35 எம்எம் பிலிமைவிடப் பெரிய பிலிமில சதுரமாப் படம் எடுக்கிற மீடியம் ஃபோர்மற் வகை, இனி எழும்பாது. எண்பதுகளில வந்த ஜப்பான் சாமான், ஷட்டர் பற்றரியில ஓடுற வகை, உள்ளுக்க இருக்கிற போர்ட் போனா போனதுதான், இன்னொரு செத்த கமராவில இருந்து கழட்டிப் போட்டாத்தான் உண்டு. கொழும்பில பழைய கமரா திருத்திற ஒரு ஐயா திறந்து பாத்திட்டு "தம்பி இதுக்கு இனிக் காசு கொட்டாதையுங்கோ, அந்தக் காசுக்கு வேற ஒண்டைப் பாருங்கோ" எண்டு நேராவே சொல்லிப் போட்டார். அதால இப்ப இரவில போனைத் தூக்கினா இதுதான் வேலை, பிலிமா டிஜிற்றலா, லென்ஸ் என்ன விலை போகுது, இஞ்ச கொண்டு வாறதெண்டா எவ்வளவு முடியும், பழுதானா ஆர் பாப்பினம். யோசிச்சதை எழுதி வைக்கிறன், வன்னிக்குள்ள இருந்து கொண்டு இதே கேள்வியோட மண்டையை உடைக்கிற ஆக்கள் ஆரும் இருந்தா உதவும்.

முதல் என்ன வேலைக்கு எண்டு சொல்லோணும். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் நான் சாதாரண ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் பிலிம் அளவு சென்சர் உள்ள) டிஜிற்றலிலதான் எடுக்கிறன், வீட்டில அடுப்பு எரியிறது அதாலதான். மீடியம் ஃபோர்மற் வேற ரெண்டு வேலைக்கு. ஒண்டு, வயசு போன ஆக்களை அவையின்ர விறாந்தையிலயோ முத்தத்து மாமரத்துக்குக் கீழயோ இருத்தி ஆறுதலா எடுக்கிற படம், பெருசாப் பிறிண்ட் போட்டுக் குடுக்கிறது. மற்றது பழைய படங்களைக் கொப்பி எடுக்கிறது. இந்த ரெண்டாவது வேலை வரவரக் கூடிக்கொண்டு போகுது, தெரிவு எல்லாம் கடைசியில அதிலதான் வந்து நிக்குது.

வன்னியில பழைய படம் எண்டா அது என்ன நிலையில வந்து சேரும் எண்டு வெளியில இருக்கிற ஆக்களுக்கு லேசில விளங்காது. 2008 கடைசியிலயும் 2009இலயும் கடைசிச் சண்டைக்குள்ள சனம் கிளிநொச்சிப் பக்கத்தால தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு நகந்து நகந்து போகேக்க பிள்ளையைத் தூக்கிறதா அல்பத்தைத் தூக்கிறதா? ஷொப்பிங் பாக்கில சுத்தித் தாட்டவை இருக்கினம், பங்கருக்க விட்டிட்டு ஓடினவை இருக்கினம். மிச்சமா வந்தது எண்டா பழைய அடையாள அட்டையில லமினேற்றுக்குள்ள கிடக்கிற ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை முகம், இல்லாட்டி எப்பவோ கனடாவுக்கோ பிரான்சுக்கோ கடிதத்தோட வச்சு அனுப்பின ஒரு பிறிண்ட்.

போன மாரிக்கு முன்னம் ஒரு அம்மா தன்ர கலியாணப் படத்தைக் கொண்டு வந்தவ. பிரேமோட மழைத் தண்ணி குடிச்சுக் காஞ்சதில படத்தின்ர மேல் தோல் கண்ணாடியோட ஒட்டிப் போச்சு. மாப்பிள்ளையின்ர தலைப்பாகையில இருந்து வலது தோள் வரைக்கும் ஒட்டின இடம், அது ஈரமாக் கிடக்கிற மாதிரிக் கறுத்து மினுங்குது, மற்றப் பக்கம் ஒட்டாம வெளிறிப் போய்க் கிடக்கு, கீழ் ஓரத்தைக் கறையான் தின்டிட்டுது. "தம்பி, மெல்லமா உரிச்செடுக்கேலாதோ?" எண்டு கேட்டா. உரிக்கவே கூடாது, உரிச்சா முகம் கண்ணாடியோட போயிடும். கண்ணாடியோட வச்சே எடுக்கோணும். ரெண்டு பக்கமும் 45 பாகையில லைற், லைற்றுக்கு முன்னால பொலறைசிங் ஷீற் (வெளிச்சத்தை ஒரே திசை அதிர்வோட மட்டும் விடுற தாள்), லென்ஸில இன்னொரு பொலறைசர், அதை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டு வர அந்த ஷீற்றுக்கு நேர் குறுக்கா நிக்கிற இடத்தில கண்ணாடியின்ர பளபளப்பு முழுக்க அணைஞ்சு போகும், ஒட்டின பாதியும் ஒட்டாத பாதியும் கிட்டக்கிட்ட ஒரே கறுப்புக்கு வரும், அப்பதான் அந்த மனுசனின்ர மீசையும், கழுத்து மாலையில ஒவ்வொரு பூவும் தெரிஞ்சது. வெளிச்சத்தில கனக்க இதில விழுங்குப்பட்டிடும், அதால ட்ரைப்போட் இல்லாம நடக்காது. பிலிமில இதைச் செய்யலாம், செய்தும் இருக்கிறன், ஆனா சரியா வந்ததோ எண்டு கழுவினாப் பிறகுதான் தெரியும், அதுக்கிடையில அந்த அம்மா படத்தை வாங்கிக் கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறியிருப்பா.

இனிக் கமராவுக்கு வாறன். மனசு முதல் ஓடினது ஹசல்பிளாட் 500சிஎம் பக்கம்தான், மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. 1957இல 500சி எண்டு தொடங்கின அந்தக் குடும்பம் 2013 வரைக்கும், 503சிடபிள்யூ மட்டும் ஓடினது. பற்றரி வேண்டாம், ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கிறதால செக்கனில 500இல ஒரு பங்கு வரைக்கும் எந்த ஸ்பீட்டிலயும் ஃபிளாஷ் சேரும் (ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கேக்க ஃபிளாஷ் அடிக்கும்), எங்கட மத்தியான வெயிலுக்க முகத்தில விழுற நிழலை நிரப்ப இது பெரிய உதவி. அதோட நெஞ்சுக்கு நேர வச்சுக் குனிஞ்சு பாக்கிற கமரா. ஆச்சிமாரைப் படம் எடுக்கேக்க உங்கட முகத்தை மறைச்சுக் கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி நிண்டா அவை விறைச்சுப் போவினம், குனிஞ்சு பாத்து எடுத்தா நிமிந்து கதைக்கலாம், கதைச்சுக் கொண்டிருக்கேக்கயே அமத்தலாம். இன்னும் ஒரு கவர்ச்சி, 2024இல வந்த சிஎஃப்வி 100சி எண்ட டிஜிற்றல் பின்பக்கத்தை 1957 காலத்துப் பொடியிலயே (லென்ஸ் இல்லாத கமரா உடம்பு) கொழுவலாம். விலையைப் பாத்தா அது எனக்கு எட்டாத மாங்காய். பொடியும் ஒரு லென்ஸும் எண்டாலே நல்ல நிலையில உள்ளது சரியான விலை, வாங்கினாப் பிறகும் பழைய லென்ஸ் ஷட்டர்களை ஒருக்காக் கழட்டித் துடைச்சு எண்ணெய் பாத்தாத்தான் மெதுவான ஸ்பீட் எல்லாம் நேரத்துக்கு வேலை செய்யும்.

மமியா ஆர்பி67 அதைவிட மலிவு, 1970இல வந்தது, இதுவும் முழுக்க மெக்கானிக்கல். பெலோஸ் (மடிப்பு மடிப்பா நீளுற துருத்தி) இருக்கிறதால கிட்டப் போய் ஆச்சியின்ர கையை மட்டும் எடுக்கலாம், நிமித்தி எடுக்கவோ கிடத்தி எடுக்கவோ கமராவைச் சரிக்கத் தேவையில்லை, பின்பக்கத்தைத் திருப்பினாக் காணும். ஆனா லென்ஸோட ரெண்டரைக் கிலோவுக்கு மேல நிக்கும், ட்ரைப்போட் வேற, உதைக் கட்டிக் கொண்டு மோட்டச்சைக்கிளில அக்கராயன், முழங்காவில் பக்கம் கிரவல் றோட்டில போறதை யோசிச்சாலே முதுகு நோகுது. பென்டக்ஸ் 67 வடிவான கமரா, ஃபிளாஷ் 30இல ஒரு பங்குக்கு மேல சேராது, அதோட என்ர பேச்சு முடிஞ்சுது.

பிலிம் கழுவுற கதையும் சொல்லோணும். கறுப்பு வெள்ளைக்கு டெவலப்பர் 20 பாகை எண்டு எழுதிக் கிடக்கும், எங்கட தாங்கித் தண்ணி சித்திரை வைகாசியில 30ஐத் தாண்டி நிக்கும். அப்பிடியே ஊத்தினா நேரம் அஞ்சு நிமிசத்துக்குக் கீழ வந்திடும், கீழ வந்தா வானம் எல்லாம் திட்டுத் திட்டா வரும். ஐஸ் கட்டியைப் போட்டுத் தண்ணியை 24 பாகைக்கு இறக்கி, டெவலப்பரை ஒண்டுக்கு ஒண்டு தண்ணி கலந்து நேரத்தை நீட்டிக் கொண்டாச் சமாளிக்கலாம். கலர் கெமிக்கல் 38 பாகை கேக்கும், வெக்கைக்கு அதுதான் எங்களுக்கு லேசு எண்டு தோணும், ஆனா அந்தக் கெமிக்கல் கெதியாப் பழுதாகும், எடுப்பிக்கிறதும் கரைச்சல். கிணத்துத் தண்ணி இஞ்ச கனத்த தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற அதே சுண்ணாம்பு நெகற்றிவில பொட்டுப் பொட்டாக் காயும். கடைசி அலசலுக்குப் பெற்றோல் செட்டில விக்கிற பற்றரித் தண்ணியைப் பாவியுங்கோ, பிலிம் ஆக்களுக்கு நான் சொல்லக்கூடிய உறுதியான புத்திமதி இதுதான்.

இவ்வளவும் எனக்கு விருப்பமான வேலை. ஐஸ் போடுறதும் விருப்பம், ஈரப் பிலிமை லைற்றுக்கு நேர பிடிச்சுப் பாக்கிறதும் விருப்பம். நெகற்றிவைப் பாக்கக் கரண்டும் தேவையில்லை, கொம்பியூட்டரும் தேவையில்லை, அதுவும் உண்மை.

ஆனா என்னட்டக் கொப்பி எடுக்க வாற படங்களைப் பாருங்கோ. எது தப்பினது? தாட்டு வச்ச நெகற்றிவ் பாதிக்கு மேல ஒட்டிக் கூழாப் போய்த்தான் வருது. வெளிநாட்டுக்கு அனுப்பின பிறிண்ட்தான் சேதமில்லாமத் திரும்பி வருது, மொன்றியலில இருக்கிற மகள் போனில படம் பிடிச்சு அனுப்புறா, பாரிஸில இருந்து சித்தப்பா ஊருக்கு வரேக்கக் கையோட கொண்டு வாறார். வன்னிச் சனத்தின்ர படங்கள் அழிஞ்சது ஒரே ஒரு கொப்பி ஒரே ஒரு வீட்டில இருந்ததாலதான். நெகற்றிவ் எண்டா அதுவும் ஒரே ஒண்டுதான், அது என்ர அலுமாரியில, இன்னொரு மழை வெள்ளம் வந்தா இல்லாட்டி வேற என்னவும் வந்தா அது போச்சு. ஃபைல் எண்டா எடுத்த அண்டைக்கே ஒண்டு வீட்டுக்காரருக்கு, ஒண்டு வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளுக்கு, ஒண்டு என்ர டிஸ்க்கில, எல்லாம் ஒரே தரம். டிஸ்க் சாகும், எனக்கும் ஒண்டு செத்திருக்கு, மூண்டு இடத்தில இருந்தா மூண்டும் ஒரே நாளில சாகாது. இதை யோசிச்ச இடத்தில எனக்கு பிலிமா டிஜிற்றலா எண்ட கேள்வி முடிஞ்சுது. இந்த வேலைக்கு டிஜிற்றல்.

சரி, டிஜிற்றலில எது. ஒண்டு தெளிவாத் தெரிஞ்சிருக்கோணும், எங்கட விலைக்குக் கிட்ட வாற டிஜிற்றல் மீடியம் ஃபோர்மற் எல்லாம் சென்சர் 44க்கு 33 மில்லிமீற்றர் அளவுதான். 6×6 பிலிமின்ர உண்மையான அளவு 56க்கு 56. பரப்பளவில பாதியும் இல்லை. 80 எம்எம் லென்ஸில 6×6இல வாற, பின்னணி கலங்கி நிக்கிற அந்த ஆழம் இதில அப்பிடியே வராது, வரும் எண்டு நம்பி வாங்கப்படாது. ஃபுல் ஃபிரேமோட பாத்தாப் பரப்பு ஒண்டரை மடங்குக்கு மேல, அவ்வளவுதான்.

அப்ப 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் ஒண்டு காணாதோ எண்டு என்ர கூட்டாளி கேட்டான், நியாயமான கேள்வி. கொப்பி எடுக்க மட்டும் எண்டாக் காணும், வடிவாக் காணும். ஆனா எனக்கு ஆக்களின்ர படமும் இதிலதான். 4க்கு 3 எண்ட வடிவம் நான் போடுற பிறிண்ட் பேப்பரோட நல்லாப் பொருந்துது, 3க்கு 2 எண்டா ஒவ்வொருக்கும் பக்கம் வெட்டோணும். விறாந்தை நிழலில கறுத்த தோலில இருக்கிற நிற வித்தியாசம், பின்னால வெளிச்சம் கொட்டுற முத்தம், ரெண்டையும் ஒரே படத்தில தாங்கிறது இந்தப் பெரிய சென்சரில லேசா நடக்குது, கொழும்பில ஒரு நண்பரின்ர கமராவில எடுத்துப் பாத்து நானே கண்டது. 51 மெகாபிக்சல் படம் 8256க்கு 6192, 300 டிபிஐயில 27 இஞ்சி அகலத்துக்குப் பிறிண்ட் போகும், அதுக்கு மேல வன்னியில எந்த வீட்டுச் சுவரிலயும் நான் இன்னும் கொழுவேல்ல. சதுரமா வெட்டினாலும் 38 மெகாபிக்சல் மிஞ்சும், 6×6 பழக்கத்தை விடத் தேவையில்லை.

பென்டக்ஸ் 645இசட், ஹசல்பிளாட் எக்ஸ்1டி, ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், மூண்டுக்கும் அடிப்படையில ஒரே தலைமுறைச் சோனி சென்சர், 2014, 2016, 2017 எண்டு வரிசையா வந்தது. பென்டக்ஸ் மலிவாக் கிடைக்கும், இரும்பு மாதிரி உடம்பு, பழைய 645 பிலிம் லென்ஸ் எல்லாம் நேர கொழுவலாம். அதுக்குப் பிறகு அந்த வரிசையில புதுப் பொடி வரேல்ல, திரும்பவும் ஒரு அநாதைக் கமராவை எடுத்து வளக்க என்னால ஏலாது. எக்ஸ்1டி கையில பிடிக்க அவ்வளவு சுகம், லென்ஸ் ஷட்டர், ஃபிளாஷ் 2000இல ஒரு பங்கு வரைக்கும் சேரும், லென்ஸ் விலைதான் தடுக்குது.

ஃபூஜிதான் மிச்சம், அதில 50எஸ் 2. 2017இல 50எஸ் 6,499 டொலருக்கு வந்தது, 2021இல 50எஸ் 2 வரேக்க 3,999 ஆக்கிட்டாங்கள், செக்கண்ட் ஹாண்டில இன்னும் கீழ வருது. 2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் போன காலத்தில இதை நினைச்சும் பாத்திருக்கேலாது, இப்பவும் லேசில்லை. பொடிக்குள்ள ஆட்டம் தடுக்கிற சிஸ்டம் இருக்கு, ஸ்கிரீனை நிமித்தி நெஞ்சுக்கு நேர வச்சுக் குனிஞ்சு பாக்கலாம், ஆச்சிமாரோட கதை குறையாது. ஃபோக்கஸ் மெதுவு, ஓடுற பிள்ளையளை எடுக்க நிண்டா ஏமாத்தும், கதிரையில இருக்கிற ஆளுக்கு அந்த வேகம் போதும். ஃபிளாஷ் 125இல ஒரு பங்குதான், இது எனக்கு உண்மையான இழப்பு, மத்தியானத்தில எடுக்கிறதை விட்டிட்டு நாலரை மணிக்குப் பிறகு எடுக்க வேண்டியதுதான்.

லென்ஸ் எது எண்டு கேட்டா எல்லாரும் 110 எஃப் 2 எண்டுவினம், படம் பாத்தா ஏன் எண்டு விளங்கும். நான் எடுக்கப் போறது 120 மக்ரோ எஃப் 4, கிட்டப் போய்ச் சின்னச் சாமானையும் பெருசா எடுக்கிற லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கணக்கில 95 எம்எம் மாதிரி, முகத்துக்கு நல்ல தூரம், தனியாவே பாதி அளவு மக்ரோ (சாமானின்ர பாதி அளவு சென்சரில விழும்), லென்ஸுக்கும் பொடிக்கும் இடையில 45 எம்எம் வளையம் ஒண்டு போட்டா ஒண்டுக்கு ஒண்டு. அடையாள அட்டை முகத்தைப் பிரேம் நிரப்பி எடுக்கலாம், என்ர பழைய 6×6 நெகற்றிவுகளையும் லைற் பாட்டில வச்சு ஃபைலாக்கலாம். ஒரு லென்ஸ் ரெண்டு வேலையையும் பாக்கும் எண்டா அதிலதான் காசைப் போடோணும்.

சோளகக் காத்துக்கு றோட்டுப் புழுதி, மாரிக்குப் பூஞ்சணம், இது ரெண்டும் எந்தக் கமராவுக்கும் உள்ள பிரச்சினை. ட்ரை கபினெற் வாங்க இப்ப வசதி இல்லை, காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளுக்க ஒரு ஈரப்பத மீற்றர், 40க்கும் 50க்கும் இடையில நிண்டாச் சரி. ஜெல் நிறம் மாறினாச் சட்டியில வறுத்துப் போட்டுத் திரும்பப் போடுங்கோ. புழுதிக் காலத்தில வெளியில நிண்டு லென்ஸ் கழட்டாதையுங்கோ, ஒரே லென்ஸோட போற எனக்கு அந்தக் கவலையும் இல்லை.

சீட்டுக் காசு ஆவணியில விழும், பொடிக்கும் வளையத்துக்கும் அது காணும், லென்ஸுக்கு ரெண்டு கலியாணவீட்டு அட்வான்ஸ் வரக் கிடக்கு. லண்டனில இருந்து அண்ணை வரேக்க எடுத்துக் கொண்டு வாறன் எண்டிருக்கிறார். 50எஸ் 2ஐயும் 120ஐயும் வச்சு வேலை செய்யிற ஆக்கள் ஆரும் இருந்தா அந்த வளையத்தோட ஃபோக்கஸ் எப்பிடி நிக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவர் வாங்க முதல் தெரிஞ்சா நல்லது.