துறையடியில் இருந்து ஆனைப்பந்திக்கு

அம்மம்மா கொக்கட்டிச்சோலைக்காரி. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல்லும் தயிருமாகத் தோணி ஏறினால், இறங்குவது மட்டக்களப்பு டவுனின் தீவுப் பகுதியான புளியந்தீவில்தான். கரையில் கால் வைத்ததும் அவருடைய தகப்பனார் சொல்வாராம்: “முதல்ல புள்ளையாருக்குத் தேங்காய உடை, மறுகா கடையப் பாப்பம்.” எங்களுக்கும் அதையே சொல்லிச் சொல்லி வளர்த்தார்.

நானோ அந்த ஆனைப்பந்திப் பிள்ளையாரிடம் எப்போதும் பஸ்ஸில் வந்துதான் போயிருக்கிறேன். டவுனுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கிற கோயில் என்றே மனதில் பதிந்திருந்தது. போன வெள்ளிக்கிழமை கொஞ்சம் முந்தியே வந்துவிட்டேன். சரி, அம்மம்மா வந்த மாதிரித் தண்ணீர்க் கரையில் இருந்தே நடப்போம் என்று தோன்றியது. “வரேக்க ஒரு சட்டைத் துணி வாங்கிட்டு வா மனே” என்று அம்மா கேட்டிருந்தார். அது பிறகு.

காந்திப் பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய துறையடி. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் வந்து இறங்கியது இங்கேதான் என்பார்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அவரால்தான். அவருடைய சிலை நிற்கிறது. அடுத்த வருடமே இந்த ஊரிலேயே இறந்துபோனார், பாவம். கோட்டை அவரைவிடப் பழையது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி. ஆண்டவர்கள் எல்லாரும் இந்தச் சின்னத் தீவை ஏன் விடவில்லை என்பது கரையில் நின்று பார்த்தால் விளங்கும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான வாவி. அதன் இரு கரைச் சரக்கும் தண்ணீர் வழியே வந்து சேர வாய்ப்பான இடம் இது. கடைத்தெரு இங்கே வளராமல் வேறெங்கே வளரும்?

1924இல் கல்லடிப் பாலம் வந்தது, 1928இல் ரயில் வந்தது, அப்புறம் லொறி. மண்முனையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்த எங்கள் ஊர்ச் சனத்துக்கும் 2014இல் பாலம் கிடைத்தது. தோணிக்கு வேலை இல்லை. பெரிய கடைகள் புளியந்தீவுப் பாலம் தாண்டிக் கோட்டமுனைப் பக்கம், திருமலை வீதிப் பக்கம் என்று போய்விட்டன. புளியந்தீவில் வியாபாரம் இல்லாமல் போகவில்லை. ஆனாலும் சில தெருக்களில் காலை ஒன்பது மணிக்கும் பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது. தூண் வைத்த பழைய திண்ணைகளில் பூனைகள் படுத்திருந்தன.

பந்தி என்றால் லாயம். ஆனை கட்டிய இடத்தில் ஆனைமுகன் குடியிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனால், திரை போட்டிருந்தது. அபிஷேகம் முடிந்து அலங்காரம் நடக்கிறது. தூண் ஓரம் குந்தினேன். எனக்கு முன்னால் ஒரு வயதான ஐயா, வேட்டியும் வெள்ளைச் சேட்டும். அவருடைய அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வெற்றிலை, பழத்தோடு ஒரு பெரிய சாவிக்கொத்து.

பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்துவிட்டார்.

“கடைச் சாவி தம்பி. கடை இப்ப கோட்டமுனையில. அப்பா காலத்தில இந்தத் தெருவிலதான் இருந்தது.”

“அங்க கிட்டவே கோயில் இருக்குதே ஐயா?”

“ஓம், இருக்கு. ஆனா இவருக்குத்தானே எங்கட கணக்கெல்லாம் தெரியும்.”

திரை விலகியது. அருகம்புல் மாலைக்குள் பிள்ளையார் முகம் மட்டும் தெரிந்தது. அடுக்குத் தீபம் மேலே போய் இறங்கும்போது மணிச் சத்தத்தில் காது அடைத்துப்போனது. எதையாவது கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன், அந்த நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மம்மாவின் ஈரக் கால்தான் ஞாபகம் வந்தது. தோணியில் இருந்து குதித்து, சேலைக் கரை நனைய, கையில் தேங்காயோடு இதே வாசலுக்கு நடந்து வந்திருப்பார். தண்ணீரில் இருந்து வருகிறவருக்கு இந்தக் கோயில் மூலையில் இல்லை, ஊரின் வாசலிலேயே இருக்கிறது.

காளாஞ்சியை வாங்கும்போது ஐயா சாவிக்கொத்தைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகினார். வெளியே வந்து, “கடை திறக்க நேரமாச்சு” என்று சைக்கிளில் ஏறிப் பாலத்தை நோக்கிப் போனார். நானும் சிதறு தேங்காய் அடித்துவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா திருநீற்றைப் பூசிக்கொண்டே கேட்டார்: “துணி எங்க?”