போயா நாளில திறந்த சேர்வர்

சேர்வர்ல ப்ரொசசர் மாத்திறதெண்டா எனக்கு எப்பவும் பயம் அது இருக்கிற சொக்கெட்டின்ர ஊசியளிலதான். இந்த வகை சொக்கெட்டில மொத்தம் 2011 ஊசி, சிப்பில இல்ல மதர்போர்ட்டில நிக்குது, ஒண்டு மடங்கினாலும் போர்ட்டே போச்சு. ஆனா அண்டைக்கு எங்கள அலைக்கழிச்சது ஊசி இல்ல.

திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு மொத்த வியாபாரக் கடை. பில், ஸ்டொக், கணக்கு எல்லாம் ஒரே சேர்வர். உள்ளுக்க இன்டெல்லின்ர ஜியோன் ஈ5-2620 வி3 ப்ரொசசர் ரெண்டு, ஒண்டுக்கு 6 கோர், அதாவது வேலை செய்யிற பகுதி ஆறு. மாசக் கடைசி ரிப்போர்ட் ஓடினா கவுண்டர்ல பில் நிண்டுடும். புது மெஷின் வாங்க முதலாளிக்கு விருப்பமில்ல, அதால ஒரே மாதிரி ரெண்டு பழைய ஈ5-2680 வி4, 14 கோர் சிப், கொழும்பில எடுத்து இரவு பஸ்ஸில வந்தது. அதே சொக்கெட்தானே எண்டு நானும் விட்டுட்டன்.

கூட வந்த அண்ணை, "பேக்கப் இருக்கெண்டு கதை சொல்லாத தம்பி, திருப்பி எடுத்துக் காட்டு" எண்டவர். முதல் நாள் இரவு முழுக்க என்ர லப்டொப்பில ரிஸ்டோர் பண்ணி, பழைய பில் ஒண்டத் திறந்து காட்டின பிறகுதான் அவர் என்னை நித்திரைக்குப் போக விட்டவர்.

போயா, கடை பூட்டு. ரெண்டு பவர் கேபிளையும் கழட்டி, கையில ஏர்த் பட்டி கட்டி மூடியத் திறந்தா உள்ளுக்க தூசி பிசுபிசுத்துக் கிடக்கு, கடல் காத்து எல்லோ. சிப்பின்ர சூட்ட இழுக்கிற ஹீட்சிங்கில ஒரு ஸ்க்ரூ கழட்டி முப்பது செக்கன் பொறுத்து, பிறகு எதிர் மூலை. சூடு கடத்துற பழைய பேஸ்ட்ட அல்கஹோல் போட்டுத் துடைச்சு, சிப்ப விளிம்பில பிடிச்சு வச்சம். ஒன் பண்ணினா ஃபேன் கத்துது, ஸ்க்ரீன் கறுப்பு. பத்து நிமிஷம் சிப் வித்தவன மனசுக்குள்ள திட்டிக்கொண்டு நிண்டன்.

"பயோஸ் என்ன வேர்ஷன்?" எண்டு கேட்டார் அண்ணை. மெஷின ஒன் பண்ணினவுடன முதல்ல ஓடி, சிப்ப அடையாளம் காணுற புரோகிராம்தான் பயோஸ்.

ஒருத்தரும் பாக்கேல்ல. வி4 எண்ட தலைமுறை வந்தது 2016இல, எங்கட பயோஸ் அதுக்கு முந்தினது, அதுக்கு இந்த சிப்ப தெரியவே தெரியாது. திரும்பப் பழைய சிப்ப போட்டு, கரண்ட் போகக்கூடாதெண்டு கோணேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு பயோஸ் அப்டேட், பிறகு மறுபடி புதுசு. ஒரு தடவையில முடிய வேண்டியதுக்கு மூண்டு தரம் சொக்கெட்டத் திறந்தாச்சு, எந்த ஊசிக்குப் பயந்தனோ அதுக்கு மேலயே மூண்டு தரம் கை வச்சாச்சு.

வந்துது, ஆனா ரேம் 64 ஜிபிக்குப் பதிலா 56. அவசரத்தில ஒரு மூலை ஸ்க்ரூவ முழுசா இறுக்கிப்போட்டன், சிப் சரியாப் படிஞ்சு நிக்கேல்ல, ரேமோட கதைக்கிறதும் அந்தச் சிப்தான். கழட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்க 64 வந்துது. பழைய சிப் ஒண்டுக்கு 85 வாட், புதுசுக்கு 120, அதால பின்னேரம் முழுக்க லோட் குடுத்து சூட்டப் பாத்துக்கொண்டு இருந்தம்.

முதலாளிக்கு நான் முதலே சொல்லாமல் விட்டது லைசன்ஸ். சேர்வர்ல ஓடுற விண்டோஸ் சேர்வர் 2016க்கு லைசன்ஸ் கோர் கணக்கில, குறைஞ்சது 16 கோருக்கு எடுக்கோணும். பழைய 12 கோர் அதுக்குள்ள அடங்கினது, இப்ப 28, இன்னும் 12 கோருக்கு வாங்கோணும். அது சிப்புக்குக் குடுத்த காச விடக் கூட. "சிப் மாத்திறதெண்டுதானே தம்பி சொன்னீர்" எண்டார். என்னத்தச் சொல்ல.

பழைய ரெண்டு சிப்பும் இன்னும் அவற்ற லாச்சிக்குள்ள கிடக்கு, பயோஸ் வேர்ஷன் எழுதின துண்டோட.