சந்துக்குள் மங்கும் சிக்னல்: என்.எஸ்-3 சிமுலேஷனில் செய்து பார்த்தவை

யாங்கோனில் அனோரதா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் இடைப்பட்ட சந்துகளில், மாடிக் கட்டடங்கள் இருபுறமும் நெருங்கி நிற்பதால், வைஃபை சிக்னல் மங்குவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.தான், சுவரிலும் பால்கனிக் கம்பிகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடி, சில விரற்கடை தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அந்தச் சந்தில் வைஃபை வழியே கைபேசியில் பேசிக்கொண்டே நடப்பவரின் குரல் ஏன் அறுந்து அறுந்து கேட்கிறது என்பதை, கணினி வலையமைப்புகளைப் போலச்செய்து பார்க்க உதவும் என்.எஸ்-3 மென்பொருளில் வடித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

தொலைவால் ஏற்படும் இழப்புக்கு தொலைவின் மடக்கைக்கு (லாகரிதம்) ஏற்ப இழப்பைக் கூட்டும் மடக்கைத் தொலைவு மாதிரியை எடுத்தேன். அதில் ஒரு மீட்டர் தொலைவுக்கான இழப்பாக முன்கூட்டியே இருக்கும் 46.68 டெசிபல் 5.15 கிகாஹெர்ட்சுக்கு உரியது, 2.4க்கு அதை 40.05 ஆக மாற்ற வேண்டும். அதன்மேல், சிக்னலின் ஏற்ற இறக்கத்தைத் தற்செயலாக மாற்றும் நகாகாமி மாதிரியைச் சேர்த்து, மங்கலின் கடுமையைக் குறிக்கும் m மதிப்பை எல்லாத் தொலைவுக்கும் 1 என வைத்தால் அது ரேலி மங்கலாகிவிடும், அதாவது நேர்வழி அலை இல்லாமல் சிதறிய அலைகள் மட்டுமே வந்து சேரும் நிலை. சராசரியைவிட 10 டெசிபல் கீழே சிக்னல் விழும் வாய்ப்பு அதில் சுமார் 9.5 விழுக்காடு.

ஆனாலும் சிமுலேஷனில் குரல் அறுபடவே இல்லை. அந்த மாதிரி ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் முந்தையதோடு தொடர்பில்லாத புதிய மதிப்பை எடுப்பதே காரணம். வைஃபை ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) ஏழு முறை வரை அனுப்பிப் பார்க்கும் என்றால், ஏழும் அப்படி 10 டெசிபல் கீழே விழுந்து தவறுவதற்கான வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நிஜத்தில் அப்படியில்லை. விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு டாப்ளர் விலகல் (நகர்வதால் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) 11.2 ஹெர்ட்ஸ், அந்தக் கணக்கில் 10 டெசிபல் பள்ளம் ஒவ்வொன்றும் சராசரியாக 12 மில்லி விநாடி நீடிக்கும். குரலுக்கு முன்னுரிமை தரும் வரிசையில் காத்திருப்பு மிகக் குறைவாதலால், நெரிசல் இல்லாதபோது ஏழு முயற்சிகளும் சில மில்லி விநாடிகளிலேயே முடிந்து, பெரும்பாலும் ஒரே பள்ளத்துக்குள் வீழ்ந்துவிடுகின்றன.

ஆகவே நகரும் வானொலி வாங்கிகளில் சிக்னல் மங்குவதைப் பற்றி ஆய்வாளர் கிளார்க் 1968இல் வகுத்த முறையைப் பின்பற்றி, பல திசைகளிலிருந்து வரும் சைன் அலைகளைக் கூட்டி, நேரத்தோடு தொடர்ந்து மாறும் மங்கலை எழுதிச் சேர்த்தேன். சராசரி வலிமை மாறவில்லை. இழப்புகள் மட்டும் கொத்துக்கொத்தாக வரத் தொடங்கின, சந்தில் காதால் கேட்டதைப் போலவே. குரல், காணொளி போன்றவற்றைச் சோதிப்பவர்கள் தனித்தனி மதிப்பெடுக்கும் மாதிரியோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறுமுயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ரவுட்டரில் சற்றுத் தள்ளி இரண்டாவது ஆன்டெனா வைப்பது எவ்வளவு உதவும் என்பதை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.