பல்லூடக மையத்தின் துணையோடு ஸ்வயம் பாடம் ஒன்றை உருவாக்கிய அனுபவம்

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாவரவியல் கற்பித்து வரும் நான், பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டியல் குறித்த இளநிலைப் பாடம் ஒன்றை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்துக்காக உருவாக்கி முடித்திருக்கிறேன். முன்மொழிவு எழுதியது முதல் பாடம் மாணவர்களைச் சென்றடைந்தது வரை உடனிருந்து வழிநடத்தியவர்கள் கல்விசார் பல்லூடக ஆய்வு மையத்தின் தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், வரைகலைஞர், எடிட்டர் ஆகியோர். இத்தகைய மையம் இருப்பதை அறிந்தும் அதன் படியேறாத ஆசிரியர்கள் பலர் இருப்பதால், அங்கே என்ன நடக்கிறது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

இம்மையங்களின் வரலாறு ஸ்வயத்துக்கு மிகவும் முந்தையது. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ கல்வி நிகழ்ச்சிகளைத் தயாரித்தவை இவையே. 1993-இல் டெல்லியில் நிறுவப்பட்ட கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு (சி.இ.சி.) இப்போது இவற்றை ஒருங்கிணைக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இவை இயங்குகின்றன. 2017 ஜூலை 9 அன்று ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டபோது, பொறியியல் சாராத இளநிலைப் பாடங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சி.இ.சி.யிடம் தரப்பட்டது. ஒரு பருவத்தின் (செமஸ்டர்) பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குக் கணக்கிடப்படும் மதிப்பலகு (கிரெடிட்) பெறலாம் என்று 2021-ஆம் ஆண்டு விதிமுறை அனுமதித்த பிறகு, இப்பாடங்களை நம்பிப் பட்டம் முடிக்கும் மாணவர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஆகவே இவற்றை ஏனோதானோவென்று செய்வது அம்மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு பாடமும் நான்கு பகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும்: காணொளி விரிவுரை, படித்தறிவதற்கான எழுத்துப் பாடம், தன்மதிப்பீட்டு வினாக்கள், மாணவர்கள் ஐயங்களைக் கேட்பதற்கான விவாதக் களம். முன்மொழிவும் வாரவாரியான பாடத்திட்டமும் ஒப்புதல் பெற்ற பின் ஸ்கிரிப்ட் எழுதும் வேலை தொடங்குகிறது. என் வகுப்புக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தித் தயாரிப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அவற்றை முழுதும் படித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதித் திருப்பித் தந்தார்: “மேடம், இதைச் சொல்லும்போது மாணவர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்?” அதன் பிறகு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் திரையில் தெரிய வேண்டியதையும் வலப்பக்கம் நான் பேச வேண்டியதையும் எழுதப் பழகினேன். இடப்பக்கம் காலியாக இருந்த பத்திகள் பலவும் வகுப்பிலும் மாணவர்களுக்கு விளங்காமல் போனவையே என்பது எழுத எழுதத் தெரிந்தது. தாவரவியல் படிக்காத ஒருவர் என் பாடத்தைக் கேட்டு நின்று நிதானித்த இடங்களை, துறைசார் வல்லுநரின் மதிப்பாய்வால்கூட அவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியவில்லை.

படப்பிடிப்பில் என் பாடத்துக்கே உரிய ஒரு சிக்கல் எழுந்தது. ஸ்டுடியோவில் பச்சைத் திரையின் முன் நின்று பேசுவதும், பின்னர் அந்தப் பச்சையை நீக்கிவிட்டு வேறு பின்னணியைச் சேர்ப்பதும் வழக்கம். கையில் ஆடாதொடைக் கிளையோடு நான் நின்றபோது, சோதனைப் பதிவில் பூக்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. இலைகள் திரையின் பச்சையோடு சேர்ந்து மறைந்துவிட்டன. ஒளிப்பதிவாளர் உடனே நீலத் திரையை மாட்டினார். ஆனால் அடுத்து வந்த சங்குப்பூ நீல நிறமாயிற்றே! இறுதியில், மாதிரிகளைக் காட்டும் பகுதிகள் அனைத்தையும் திரையை நம்பாமல், வெளிர்சாம்பல் துணி விரித்த மேசையின் மேல் தனியாகப் படம்பிடிப்பது என்று முடிவு செய்தோம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் சரசரப்பு சட்டைமைக்கில் விழும் என்பதும் குளிர்சாதனத்தின் இரைச்சல் எடிட்டிங்கில் முழுதாக நீங்காது என்பதும் அங்கு வேலை செய்வோருக்கு அன்றாடச் செய்திகள். இவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லும் ஆசிரியருக்கு மறுபதிவு வெகுவாகக் குறையும்.

நாங்கள் மிகுந்த நேரம் செலவிட்டது எருக்கம் பூவுக்காகத்தான். எருக்கில் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை; மெழுகுபோன்ற சிறு திரள்களாக இருக்கும். பூவின் நடுவே உள்ள ஐங்கோணமான சூல்முடியின் ஒவ்வொரு மூலையிலும் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி தெரியும். அதன் பிளவில் ஊசிமுனையைச் செருகி மெல்லத் தூக்கினால், அடுத்தடுத்த இரு மகரந்தப்பைகளிலிருந்தும் ஒவ்வொரு திரளாக, ஒரு ஜோடி மஞ்சள் நிறத் திரள்கள் அந்தப் புள்ளியில் தொங்கியபடி வெளியே வரும். தேன் குடிக்க வரும் தச்சுத்தேனீயின் காலில் நிகழ்வதும் இதுவே. நாற்பது பேர் நிற்கும் ஆய்வகத்தில் முதல் வரிசைக்கு மட்டுமே இது தெரியும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திப் படம்பிடித்தபோது, கடைசி வரிசை மாணவருக்கும் ஊசியின் நுனி தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. காம்பை வெட்டியதும் கசியும் பால் பூவின் மேல் படிந்து காட்சியைக் கெடுத்ததால், வெட்டிய முனையை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றியெடுத்து, பூக்களை ஈரப்பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் காக்க வேண்டியிருந்தது. ஊசியைப் பிடித்த என் கையின் நிழல் பூவின் மேல் விழாதபடி விளக்கை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே இருந்த உதவியாளரின் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

வரைகலைஞர் இந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அசைவுப்படத்தை வரைந்தார். புத்தகப் படத்தை அப்படியே பிரதி எடுக்க முடியாது என்பது காப்புரிமை தொடர்பான கண்டிப்பு. நாமே எடுத்த படம், பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டி அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் படம், எழுத்துமூலம் இசைவு பெற்ற படம் ஆகிய மூன்றுக்கும் அப்பால் எதையும் அவர்கள் ஏற்பதில்லை. எழுத்துப் பாடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கவுரை எழுதினேன். காணொளியிலும் ‘இங்கே பாருங்கள்’ என்று விரல் நீட்டுவதற்குப் பதிலாக, ‘நடுவில் மகுடம்போல் எழுந்து நிற்கும் ஐந்து மடல்கள்’ என்று சொல்லியே காட்டினேன். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களும் இப்பாடத்தில் பதிவு செய்வார்கள் என்பதைத் தயாரிப்பாளர்தான் நினைவூட்டினார்.

மைய ஊழியர்களைப் பட்டமளிப்பு விழாவுக்கும் கருத்தரங்கத் தொடக்க விழாவுக்கும் படம்பிடிக்க அனுப்பும் வழக்கம் பல வளாகங்களில் இருக்கிறது. ஒருமுறை எங்கள் படப்பிடிப்பும் அப்படித் தள்ளிப்போனது. அதற்குள் பூக்கும் பருவம் முடிந்த செடி ஒன்றுக்காக நாங்கள் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. பாடத் தயாரிப்பு ஒரு கல்விப்பணி. அதற்கென நேரமும் நிரந்தரப் பணியிடங்களும் தரப்பட வேண்டும். காணொளியின் முடிவில் ஆசிரியரின் பெயருக்கு நிகரான எழுத்தளவில் அவர்களுடைய பெயர்களும் வர வேண்டும். எங்கள் பாடத்தில் அவ்வாறே வருகின்றன.

பாடம் தொடங்கிய பின் விவாதக் களத்தைக் கவனிப்பதும் இந்தப் பணியின் ஒரு பகுதியே. ராஜஸ்தானிலிருந்து ஒரு மாணவி, தங்கள் ஊர் எருக்கின் இதழ்கள் விரிந்து மடங்காமல் நிமிர்ந்து நிற்கின்றன, நுனியில் கருஞ்சிவப்பு இருக்கிறது, காணொளியில் உள்ளது வேறு செடியா என்று படத்தோடு கேட்டிருந்தார். நாங்கள் காட்டியது நம் ஊர்ச் சாலையோரங்களில் காணப்படும் கலோட்ராபிஸ் ஜைஜான்டியா. அவர் அனுப்பியிருந்தது வறண்ட வடமேற்கில் மிகுதியாக வளரும் கலோட்ராபிஸ் புரோசெரா. அவருடைய எழுத்துமூல இசைவோடு அந்தப் படத்தையும் சேர்த்து, இரண்டு பூக்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் குறுங்காணொளி ஒன்றை அதே குழுவினருடன் பதிவு செய்திருக்கிறோம். அடுத்த பருவத்தில் பாடம் மீண்டும் வழங்கப்படும்போது அது எருக்குப் பாடத்தை அடுத்து இடம்பெறும்.